பாக்குக் கிடங்கில் ஒரு டம்ளர் காப்பி

சென்ற டிசம்பரில், ஒரகடத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. குழு உணர்வை வளர்ப்பதற்காம். பயிற்சி கொடுக்க வந்தவர் ஆளுக்கொரு சீட்டை நீட்டினார். உயிரோடு இருப்பவரோ இறந்துபோனவரோ, உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஏன்? பதில் சொல்ல முப்பது விநாடி.

இருபத்திரண்டு பேர் இருந்தோம். ஒன்பது பேர் அப்துல் கலாம் என்றார்கள். மூன்று பேர் எம்.ஜி.ஆர். ஒருவர் இளையராஜா, அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. தர ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுந்து, "எங்கள் அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். யாரும் 'ஏன்' என்று கேட்கவில்லை.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். கடைசி வரிசையில் இருந்த நான்கு ஜப்பானிய அதிகாரிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் அவர்கள் காதில் ஜப்பானிய மொழியில் ஓதிக்கொண்டிருந்தேன். எம்.ஜி.ஆரை அரை நிமிடத்தில் ஜப்பானியருக்கு விளக்கிப் பாருங்கள். 'நடிகர், பிறகு முதலமைச்சர்' என்றால் ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். அந்தப் பையனின் அப்பா விஷயத்தில் எனக்கு வேலையே இருக்கவில்லை. அவன் குரலை வைத்தே அவர்கள் புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியாக என் முறை வந்தது. நானும் கலாம் என்றேன். பொய். மொழிபெயர்க்கச் சுலபமான பெயர் அதுதான் என்பதால் சொன்னேன். உண்மையில் என் மனத்தில் இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின், அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின், தலைமைத் துபாஷியாக இருந்தவர், என் தொழில்காரர். அவரை முப்பது விநாடியில் இரண்டு மொழிகளில் சொல்ல என்னால் முடியாது. இங்கே அந்த நெருக்கடி இல்லை.

துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன். 'தோ பாஷி' என்பதன் மரூஉ. அந்தக் காலத்தில் மொழிபெயர்ப்போடு அந்த வேலை முடிந்துவிடாது. சரக்குக் கொள்முதல், நெசவாளர்களுக்கு முன்பணம், நவாபுகளுக்குக் கடிதம், ஊர்ப் பஞ்சாயத்து என்று எல்லாம் துபாஷியின் கை வழியாகத்தான் போகும். பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் புதுச்சேரிக்குப் போய்விட்டது. 1736 செப்டம்பரில், அவர் கணக்கில் நள வருஷம் ஆவணி மாதம், ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், நடக்கும் விந்தைகளையும் எழுதப் போகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நிறுத்தவில்லை. 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். நான்கு நாள் கழித்து ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள்.

இதெல்லாம் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் கோபமாக இருக்கிறாராம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குக் கோபம் வருகிறது' என்று, அவர் இடத்தில் நின்று சொல்ல வேண்டும். எதிரில் இருக்கும் சப்ளையர் என்னைத்தான் முறைப்பார். அவர் பதிலுக்குக் கத்தினால் அதையும் நான்தான் 'நான்' போட்டு ஜப்பானிய மொழியில் கத்த வேண்டும், கொஞ்சம் சுருதி குறைத்து. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை என் வாயிலிருந்து நூற்றுக்கணக்கான 'நான்'கள் வெளியே போகின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. வீட்டுக்கு வந்து, "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லும்போது சில நாள் அந்த வாக்கியம் யாருடையது என்று ஒரு கணம் தடுமாறுவேன். மிகைப்படுத்தவில்லை, இந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையின் நாட்குறிப்பை முதன்முதலில் புரட்டியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது போர்ச் செய்திகளோ கப்பல் செய்திகளோ இல்லை, அந்த 'நான்'தான். கவர்னர் இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், அதற்கு அவர் சிரித்தார், பிறகு நான் இன்னும் விரித்துச் சொன்னேன் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பகலெல்லாம் அடுத்தவர் வாயாக இருந்த மனிதர் எழுத உட்கார்ந்ததும் தன் 'நானை'த் திரும்ப வாங்கிக்கொள்கிறார். வட்டியோடு வாங்கிக்கொள்கிறார் என்றும் சொல்லலாம், ஏனென்றால் அந்த உரையாடல்களில் சாமர்த்தியமான பேச்செல்லாம் அவருடையதாகவே இருக்கிறது. கவர்னர் டூப்ளேயைத் தான் புகழ்ந்த புகழ்ச்சியைக் கூச்சமே இல்லாமல் நீளமாக எழுதி வைக்கிறார். முகஸ்துதி செய்கிறவர்கள் உலகத்தில் நிறைய. செய்ததை வீட்டில் வந்து வரி விடாமல் எழுதி வைப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்குறிப்பில் டூப்ளே தமிழ் பேசுகிறார். தமிழே தெரியாத மனிதர் பத்தி பத்தியாக, பழமொழி வாசனையோடு தமிழ் பேசுகிறார். மொழிபெயர்த்து எழுதியிருக்கிறேன் என்று பிள்ளை எங்கும் நின்று சொல்வதில்லை. இரண்டு மொழிக்கும் நடுவில் இருந்த தையல் தெரியவே இல்லை. கும்பினி ஊழியர்கள் பலரிடம் அப்போது போர்த்துகீசியம்தான் பொதுமொழியாகப் புழங்கியது. ஆகவே கவர்னர் வாயில் புறப்பட்ட ஒரு சொல் எத்தனை படி ஏறி இறங்கி அந்தத் தமிழ் வாக்கியத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்! காப்பிக்கு உட்கார்ந்தால் நான் கேட்க நினைக்கும் முதல் கேள்வி இதுதான்: ஐயா, வழியில் எதைச் சிந்தினீர்கள்?

நான் சிந்திய ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு சிறிய வார்ப்புப் பட்டறை முதலாளி புதிய உதிரிபாகம் ஒன்றுக்கு விலை கொடுத்திருந்தார். ஜப்பானிய மேலாளர் தாளைப் பார்த்தார், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார், "முஸுகஷீ" என்றார். அகராதியில் 'கடினம்' என்று போட்டிருக்கும். "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று சொன்னேன். பட்டறைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நம் ஊரில் 'கஷ்டம்தான்' என்றால் கதவு பாதி திறந்திருக்கிறது என்று பொருள். நாலு தடவை நடந்தால் முழுதாகத் திறந்துவிடும். ஜப்பானில் அதே சொல்லுக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று அர்த்தம். முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் மரியாதைச் சொல் அது. பட்டறைக்காரர் திரும்பிப் போய், ஆர்டர் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி அச்சே செய்துவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்து நின்றார். ஜப்பானியரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "மேடம், நீங்கள்தானே கஷ்டம்தான் என்று சொன்னீர்கள்?" என்றார்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அதனால்தான் தவறாகப் போயிற்று. நம் தமிழ்ச் சப்ளையர்களும் குறைந்தவர்கள் இல்லை. 'பார்க்கலாம் சார்' என்பார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்தால் ஜப்பானியர் எப்போது பார்க்கலாம் என்று தேதி கேட்பார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் வாக்கியம் போகும் வழி ஒன்றே; இரண்டிலும் வினை கடைசியில்தான் வரும், 'இல்லை' என்பதும் கடைசியில்தான் வரும். வாக்கியம் ஒத்துப்போகிறது என்று நம்பித்தான் ஆரம்பத்தில் ஏமாந்தேன். இலக்கணம் ஒத்துப்போனால் மனமும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் தவறுக்குக் கிடைத்த தண்டனை ஒரு வாரத் தூக்கக் கேடு, அவ்வளவுதான். பிள்ளையின் குடும்பத்தில் கதை வேறு. அவருடைய தந்தை திருவேங்கடப் பிள்ளையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையும் தலைமைத் துபாஷியாக இருந்தவர்தான். 1716-ல் கவர்னர் ஹெபேர் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். கும்பினிக்கு எதிராகக் கலகத்தைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. அவருக்குச் சரியாகத் தெரியாத பிரெஞ்சு மொழியில் வழக்கு நடந்தது. கசையடி, அபராதம், மூன்று வருடச் சிறை. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். பின்னால் பிரான்சில் முறையிட்டு, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கினார்கள். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை அங்கே போய், ஞானஸ்நானம் பெற்று, அரசப் பட்டத்தோடு திரும்பி வந்து அதே பதவியில் உட்கார்ந்தார். ஆனால் செத்தவர் செத்தவர்தான்.

இரண்டு மொழிக்கும் நடுவில் பாலமாக இருந்த மனிதர், தனக்கு வழக்கு என்று வந்தபோது இன்னொருவர் மொழிபெயர்ப்பின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு நின்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நைனியப்பர் இறந்தபோது ஆனந்தரங்கருக்கு எட்டு வயது. வீட்டில் பெரியவர்கள் அடங்கிய குரலில் பேசிக்கொள்வதை எட்டு வயதுப் பிள்ளை கேட்காமலா இருந்திருப்பான்? அவர் இருபத்தைந்து வருடம் எழுதிக் குவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் ஊகிக்கிறேன். எவர் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற எண்ணம். இது என் ஊகம்தான். சரித்திரக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இரண்டாவது கேள்வி மதாம் டூப்ளேயைப் பற்றியது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாய்க்கும் கெட்ட கனவு ஒன்றுதான்: அறையில் இரண்டு மொழியும் தெரிந்த மூன்றாவது ஆள் இருப்பது. பிள்ளைக்கு அந்தக் கனவு கவர்னரின் மனைவி வடிவில் வந்தது. ழான் அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் தெரியும். முதல் கணவர் இறந்தபின் 1741-ல் டூப்ளேயை மணந்தார். உள்நாட்டு அரசர்களோடு அவரே கடிதப் போக்குவரத்து நடத்தினார், தனியாக ஒற்றர் வைத்துச் செய்தி சேகரித்தார், 'ஜான் பேகம்' என்று பெயரும் வாங்கினார். கவர்னருக்கும் பிள்ளைக்கும் நடுவில், வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் சுண்ணாம்பு மாதிரி, கொஞ்சம் கூடினால் நாக்கு வெந்துவிடும் அளவுக்கு அவர் இருந்தார். நாட்குறிப்பில் பிள்ளை அவரைத் திட்டித் தீர்ப்பது ஒரு தனி வாசிப்பு. பேராசைக்காரி, கோள்மூட்டி என்று அவர் போடும் பட்டியலைப் படிக்கும்போது நான் முழுதாக அவர் கட்சியில் சேர்ந்துவிடுவதில்லை. ஊரிலேயே இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு பெண் தன் கணவருக்கு மொழிபெயர்த்தால் 'தலையீடு', அதையே ஆண் செய்தால் 'பதவி' என்று ஆகிவிடுகிறதே. அந்த அம்மையார் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் அதில் பிள்ளை எப்படி வந்திருப்பார்? இதைக் கேட்டால் அவர் எழுந்து போய்விடக்கூடும். காப்பியின் கடைசி மடக்குக்கு முன்னால்தான் கேட்க வேண்டும்.

காப்பி என்று எழுதிக்கொண்டே போகிறேனே தவிர, அவர் குடிப்பாரா? அந்தப் பானம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்துக்குப் புதுச்சேரியிலிருந்து கப்பல்கள் போய் வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1715-லேயே மோக்காவிலிருந்து காப்பிச் செடியை பூர்போன் தீவுக்கு (இன்றைய ரீயூனியன்) கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். பிள்ளைக்கே 'ஆனந்தப் புரவி' என்ற பெயரில் ஒரு கப்பல் இருந்தது. ஆக, காப்பி என்றால் அவருக்குச் சரக்கு. பாரம் எத்தனை வராகன் என்றுதான் முதலில் கேட்பார். நம் வீடுகளில் அது காலை வழக்கம் ஆனது அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு.

இடம் எது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் அவருடைய மாளிகையைப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம் மரத்தூண்களும் முற்றமுமாக நம் ஊர் வீடு. மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சு வீடு. துபாஷியின் வீடே ஒரு துபாஷி. ஆனால் அங்கே எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். பாட்டுப் பாடிப் பரிசு வாங்க வந்த புலவர்கள் வேறு. அவர் மேல் தமிழில் கோவையும், சமஸ்கிருதத்தில் செய்யுளும் உரைநடையும் கலந்த சம்புவும் பாடியிருக்கிறார்கள். எனவே பாக்குக் கிடங்குதான் சரி. நாட்குறிப்பு முழுக்க அவர் போய் உட்காரும் இடம் அது. கவர்னரைப் பார்த்துவிட்டுப் பாக்குக் கிடங்குக்கு வந்தேன், அங்கே இருக்கும்போது இன்னார் வந்து இன்னது சொன்னார் என்று திரும்பத் திரும்ப வரும். ஊரின் செய்தி நிலையமே அந்தக் கிடங்குதான்.

நல்ல நேரம் பார்க்காமல் வர மாட்டார். சோதிடத்தில் அவ்வளவு பிடிப்பு. வரும்போது பல்லக்கு, முன்னால் மேளதாளம். பல்லக்கில் வாத்தியத்தோடு கவர்னர் மாளிகை முற்றம் வரைக்கும் போகும் உரிமையும், தங்கப் பூண் போட்ட கைத்தடியும் அவருக்கு உண்டு. ஹைதராபாத் நிஜாம் முசாபர் ஜங் கொடுத்த மூவாயிரம் குதிரை மன்சப் என்ற பட்டம் வேறு. நான் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு பிளாஸ்கில் டிகாக்‌ஷனும் இன்னொன்றில் பாலுமாக நின்றுகொண்டிருப்பேன்.

எந்த ஊர் என்று கேட்பார். யாருடைய மகள் என்று கேட்பார். சாதியைக் கேட்பதற்கு நம்மிடம் நூறு வழிகள் இருந்தன. இந்த இருநூற்றறுபது ஆண்டுகளில் அவற்றில் ஒன்றையும் நாம் தொலைத்துவிடவில்லை. வலங்கைச் சாதிகள், இடங்கைச் சாதிகள் என்று இரண்டு அணியாகப் பிரிந்து புதுச்சேரி வீதிகள் அடித்துக்கொண்ட காலம் அவருடையது. நான் ஆற்றிக் கொடுக்கும் டம்ளரை அவர் வாங்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அதற்காக அவரை மட்டும் பழிக்க எனக்கு வாய் வராது. காப்பி இங்கே பரவிய பிறகும் ஓட்டல்களில் 'பிராமணாள்' என்று எழுதிய பலகை தொங்கியது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது, இருக்கிறது. யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து குடிக்கலாம் என்று அந்தப் பயிற்சியாளர் சுலபமாகச் சொல்லிவிட்டார். கூப்பிட்டவர் உட்காருவாரா என்று சீட்டில் ஒரு வரி இல்லை.

சரி, அவர் வெற்றிலை போட்டுக்கொள்ளட்டும், நான் குடிக்கிறேன்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வேண்டும். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். செப்டம்பர் மாதம், கும்பினியின் ஆட்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். மாதாகோயிலை ஒட்டி இருந்த அந்தக் கோயிலை எடுத்துவிட வேண்டும் என்று பாதிரிமார்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றுகையின் சந்தடியில் காரியம் நடந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஓடி வந்து பிள்ளையிடம் முறையிட்டார்கள். அவர் கையை விரித்துவிட்டார். நாட்குறிப்பில் மனம் வெந்து எழுதியிருக்கிறார். மதாமைச் சாடுகிறார், ஊர்ப் பெரியவர்கள் ஒற்றுமையாக நிற்கவில்லை என்று சாடுகிறார். டூப்ளேயிடம் போய் அவர் தடுத்து நிறுத்தினார் என்று மட்டும் அதில் எழுத முடியவில்லை.

ஐயா, அன்றைக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, ஊர்க்காரரா?

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒருமுறை ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருபது பேரை நிறுத்துவது பற்றிய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மொழிபெயர்த்தேன். அந்த இருபது பேரில் நான்கு பேர் தினமும் எனக்கு பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பவர்கள். கூட்டத்தில் எனக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாது. இருந்தாலும் அதற்கு வாய் கிடையாது. 'நான் அவர்களை மாதக் கடைசிக்குள் நிறுத்திவிட முடிவு செய்திருக்கிறேன்' என்று, விதிப்படி, தன்மை ஒருமையில், தெளிவாகச் சொன்னேன். மாலை பஸ்ஸில் எனக்கு வழக்கம்போல ஜன்னலோர இடம் போட்டு வைத்திருந்தார்கள். செய்தி அவர்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. செங்கல்பட்டு வரைக்கும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

இங்கே என் தொழிலின் இன்னொரு விதியைச் சொல்ல வேண்டும். கேட்டது எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. கூட்டத்தில் குறிப்பெடுக்க ஒரு சின்ன நோட்டு இருக்கும். எண்கள், பெயர்கள், அம்புக்குறிகள் என்று கிறுக்கியிருப்பேன். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்து இயந்திரத்தில் போட்டு நாராக்கிவிட வேண்டும். பிள்ளை இந்த விதியை இருபத்தைந்து வருடம் மீறினார். கவர்னரின் ஆத்திரம், அவர் வீட்டுச் சச்சரவு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனேயும் டூப்ளேயும் எப்படி முட்டிக்கொண்டார்கள் எல்லாவற்றையும் எழுதி வீட்டில் வைத்தார். இன்றைக்கு இருந்தால் என் நிறுவனம் அவரை அன்று மாலையே வெளியே அனுப்பிவிடும்.

அந்தக் குற்றம்தான் இன்று நமக்குச் சொத்து. அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1846-ல், கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடியெடுத்துப் படி செய்வித்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் வரிசையாக நூலானது அதற்குப் பிறகுதான். தமிழில் எழுதிய துபாஷி தமிழருக்கு வந்து சேர்வதற்கும் இன்னொரு மொழி வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன். அல்லது தொகுதி என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பார்.

அவரைப் படிக்கத் தொடங்கிய பிறகு நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கம்பெனி விஷயம், விலை விஷயம் எதுவும் அதில் இல்லை. அந்த விதியை மீறும் துணிச்சல் இன்னும் வரவில்லை. நான் மொழிபெயர்க்காமல் விட்டவற்றையும், மாற்றிச் சொன்னவற்றையும் மட்டும் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் ஒன்றும் இருக்காது. தேதிக்குப் பதிலாகத் தமிழ் மாதம் போடுகிறேன், அது அவரிடமிருந்து திருடியது. போன மாதத்தில் ஒரு பக்கத்தை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"தை மாதம், வெள்ளிக்கிழமை. அம்பத்தூரில் ஒரு பட்டறை. ஜப்பானிலிருந்து வந்த பெரியவர் இயந்திரங்களை எல்லாம் பார்த்து முடித்ததும் முதலாளி தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வீடு பட்டறையின் மாடியிலேயே இருக்கிறது. அவர் மனைவி புதுப் பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். டம்ளரின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. பெரியவருக்கு டபராவை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் ஆற்றிக் காட்டினேன். ஒரு மடக்கு குடித்தார். 'தித்திப்பு தாங்க முடியவில்லை' என்றார் ஜப்பானிய மொழியில், முகத்தில் ஒன்றையும் காட்டாமல். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். 'இப்படி ஒரு காப்பியை நான் குடித்ததே இல்லை' என்று சொன்னேன். அவர் உள்ளே ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதையும் குடித்தார்."